தமிழ்நாட்டில் பெண்களின் சொத்துரிமை

பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குள்ள பங்கு, கணவன் இறந்தபின் மனைவிக்குள்ள பங்கு, சீர்வரிசையாக வந்த நகை, பணம், பாத்திரங்களின் மீதான உரிமை, சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியதை விற்கவும் எழுதி வைக்கவும் உள்ள உரிமை ஆகிய நான்கும் சேர்ந்ததே பெண்களின் சொத்துரிமை. மூன்றாவதைச் சட்டம் பழங்காலத்திலிருந்தே பெரும்பாலும் ஒப்புக்கொண்டது. வழக்கும் போராட்டமும் முதல் இரண்டைச் சுற்றியே நடந்தன. அவற்றிலும் பிடிவாதமாக மறுக்கப்பட்டது நிலம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் சொத்துள்ள பெண்கள் பலரைக் காணலாம். பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழனின் மனைவி செம்பியன் மாதேவி கைம்பெண்ணான பின்பு பல கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தார். ராஜராஜனின் தமக்கை குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னும் திருமேனிகளும் அக்கோயில் சுவர்களிலேயே பதிவாகியுள்ளன. அரச குடும்பத்தைச் சேராத பெண்களும் ஆடும் பொன்னும் நிலமும் தானம் செய்திருக்கிறார்கள். தஞ்சைக் கோயிலில் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) ஒவ்வொருவருக்கும் வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. அதே காலத்துக் கல்வெட்டுகள் சிலவற்றில் பிராமணப் பெண்கள் நிலம் விற்கும்போது ‘முதுகண்’ என்ற ஆண் காப்பாளர் வழியாகவே விற்கிறார்கள். சாதியும் ஊரும் குடும்பமும் மாறும்போது பெண்ணின் உரிமையும் மாறியது. அன்றைய பெண்கள் எல்லாரும் சொத்துடையவர்கள் என்றோ, ஒருவருக்கும் எதுவும் இல்லை என்றோ ஒரே வரியில் சொல்வது தவறாகும்.

மிதாட்சரமும் சிவகங்கை வழக்கும்

யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம் என்னும் உரையை ஆங்கிலேய நீதிமன்றங்கள் சென்னை மாகாணத்து இந்துக்களின் சட்டமாக ஏற்றன. அதன்படி கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு, மகளுக்கு இல்லை. பங்காளிகளில் ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சிய ஆண்களிடம் போகும். கைம்பெண்ணுக்குச் சோறும் துணியும் கிடைக்கும். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த வழக்கங்களை நீதிபதிகள் நூல்விதி ஒன்றுக்குள் அடைத்ததால் பெண்கள் இழந்ததும் உண்டு. ஆனால் அதே நீதிமன்றங்களில் நின்று போராடி வென்ற பெண்களும் உண்டு.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சிவகங்கையின் காத்தம நாச்சியார். வேலு நாச்சியார் ஆண்ட சிவகங்கை, மருது சகோதரர்களின் வீழ்ச்சியை ஒட்டி 1801இல் கௌரி வல்லபரிடம் ஜமீனாக ஒப்படைக்கப்பட்டது. அவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது அவருடைய அண்ணன் வழியினர் ஜமீனைக் கைப்பற்றினார்கள். குடும்பம் பிரியாத கூட்டுக்குடும்பம், ஆகவே சொத்து பங்காளிகளுக்கே சேரும் என்பது அவர்கள் வாதம். கௌரி வல்லபரின் மனைவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் வழக்குத் தொடுத்துத் தோற்றார்; மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே இறந்தார். மகள் காத்தம நாச்சியார் வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில்வரை கொண்டு சென்றார். தகப்பன் இறந்து 34 ஆண்டுகளுக்குப் பின், 1863இல் தீர்ப்பு வந்தது. குடும்பம் பிரியாமல் இருந்தாலும் ஒருவர் தனியாக ஈட்டிய சொத்து பங்காளிகளுக்குச் சேராது. ஆண் மக்கள் இல்லாதபோது மனைவிக்கும், அவருக்குப்பின் மகளுக்கும் போகும் என்று கவுன்சில் விதித்தது. இந்தியா முழுவதும் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டிய தீர்ப்பு இது. 

ஐந்தாண்டுகளில், 1868இல், இராமநாதபுரம் சமஸ்தானத்தின் தத்து வழக்கும் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. கணவர் முன்கூட்டி அனுமதி தராவிட்டாலும் நெருங்கிய பங்காளிகளின் சம்மதத்தோடு கைம்பெண் தத்தெடுக்கலாம் என்று அது ஏற்றது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட விதியைவிட வலுவானது என்ற கொள்கையும் அத்தீர்ப்பில்தான் நிலைபெற்றது.

வேறு வழக்கங்கள்

மிதாட்சரத்துக்கு வெளியே நின்ற தமிழர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் டச்சு ஆட்சிக்காகக் கிளாஸ் ஐசக்ஸ் தொகுத்தார். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம் (மணச்சீர்), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது) என்று சொத்தை மூன்றாக வகுத்த அச்சட்டத்தில் தாயின் சீதனம் மகள்களுக்குச் சென்றது. சீதனமாக நிலமும் வீடும் பெண்வழியாக இறங்கிய தமிழ்ச் சமூகம் அது. ஆயினும் மணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து ஆணுக்குப்பின் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவியும் சொந்தப் பிள்ளைகளும் தெருவில் நிற்க நேரிடும். பெண்வழி என்ற காரணத்தால் மட்டும் ஒரு முறை எல்லாப் பெண்களுக்கும் நீதி செய்துவிடாது என்பதற்கு இதுவே சான்று. அந்த மனைவியரின் அவலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தில் எழுதினார். திருவிதாங்கூர் அரசு 1926இல் சட்டம் இயற்றி இம்முறையை மாற்றியது.

வாக்கும் சொத்தும்

1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், பெண் என்ற காரணத்தால் வாக்குரிமை மறுக்கப்படாது என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதைச் செய்ததில் சென்னையே முதல். ஆனால் வாக்காளராக வரியோ சொத்தோ தகுதியாக இருந்ததால், சொத்தில்லாத பெண்ணுக்கு அந்தத் தீர்மானத்தால் பயன் ஏதும் இல்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிந்த பெண்களையும், சொத்துத் தகுதி உள்ள ஆண்களின் மனைவியரையும் சேர்த்துக்கொண்டது. கணவரின் சொத்தைக் காட்டி வாக்குரிமை பெறும் நிலை குடியரசின் வயதுவந்தோர் வாக்குரிமை வரும்வரை நீடித்தது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மத்தியச் சட்டம் அதை எட்ட மேலும் 76 ஆண்டுகள் ஆயின. அதே 1929இல், சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி எடுத்த முயற்சியால், தேவதாசிகளுக்குக் கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட இனாம் நிலங்கள் அந்த ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்பட்டன.

சட்டங்கள்

1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவரின் பங்கைத் தந்தது. அவர் வாழ்நாள்வரை அனுபவிக்கலாம். சட்டம் ஏற்கும் அவசியமின்றி விற்க முடியாது; உயில் எழுதி வைக்கவும் முடியாது. மகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. விவசாய நிலத்துக்கு இச்சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் கூறியதால், நிலமே சொத்தாக இருந்த கிராமங்களில் கைம்பெண்கள் வெறுங்கையோடு நின்றார்கள். சென்னை மாகாணம் 1947இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைத்தது. முஸ்லிம்களுக்கான 1937ஆம் ஆண்டு ஷரியத் சட்டமும் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. 1949இல் சென்னை அதையும் திருத்தியது. மகனுக்குரியதில் பாதி என்ற மகளின் பங்கு அதன்பின் வயலுக்கும் தோப்புக்கும் பொருந்தியது. கிறிஸ்தவர்களுக்கு உரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் சமமாக வைத்தது.

மகளுக்குச் சம பங்கு கேட்ட இந்து சட்டத் தொகுப்பு மசோதா கடும் எதிர்ப்பில் சிக்கியது. அதை நிறைவேற்ற விடவில்லை என்பது, 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு முக்கியக் காரணம். துண்டு துண்டாக நிறைவேறிய பகுதிகளில் ஒன்றே 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். கைம்பெண்ணின் வாழ்நாள் உரிமையை அதன் 14ஆம் பிரிவு முழு உரிமையாக்கியது. தகப்பனின் தனிச்சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு வந்தது. பூர்விகக் கூட்டுச்சொத்தில் பிறப்புரிமை மட்டும் மகன்களிடமே விடப்பட்டது. பூர்விக வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வராதவரை அவள் பிரித்துக் கேட்க முடியாது என்று 23ஆம் பிரிவு தடுத்தது.

இந்தப் பிறப்புரிமைச் சுவரை ஆந்திரம் 1980களின் நடுவில் உடைத்தது, அடுத்துத் தமிழ்நாடு. மு. கருணாநிதி ஆட்சியில் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989 முதல் மகளையும் மகனைப் போல் பிறப்பால் பங்காளியாக்கியது. ஆனால் அந்த நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தாது. ஒரே வீட்டில் அந்த ஆண்டு தையில் கழுத்தில் தாலி ஏறிய அக்காவுக்குப் பங்கில்லை. வைகாசியில் மணமான தங்கைக்கு உண்டு. சீர் செய்து அனுப்பியதோடு கணக்குத் தீர்ந்தது என்ற பழைய நினைப்பைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. சீர் பெரும்பாலும் நகையாகவும் பாத்திரமாகவும் போகும். அண்ணன் தம்பிக்கு நிற்பது விளையும் நிலம். இரண்டும் ஈடாகா.

மத்தியச் சட்டத்தின் 2005 செப்டம்பர் 9ஆம் தேதித் திருத்தம் இந்தத் திருமணத் தடையை நீக்கியது. 23ஆம் பிரிவும் ஒழிந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை போன்றவை மட்டும் காக்கப்பட்டன. திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் முரண்பட, 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்ததல்ல. 2022 ஜனவரியில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாச்சல கவுண்டர் வழக்கில், 1956க்கு முன் இறந்தவரின் தனிச்சொத்துக்கும் அவருடைய ஒரே மகளே வாரிசு, அவருடைய உடன்பிறந்தவரின் மக்கள் அல்லர் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காத்தம நாச்சியார் கேட்ட நியாயம் இதுதான்.

இன்றைய நிலை

2015–16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவில் பெண்கள் நடத்தும் நிலக் கைப்பற்றுகள் சுமார் 14 சதவீதமே. நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர்கள். பட்டா வேறொருவர் பெயரில். சட்டம் தந்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அண்ணன் கேட்டதும் தங்கை கையெழுத்துப் போடுகிறாள். போடாவிட்டால் பொங்கல் சீர் நின்றுபோகும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் முறை செய்ய ஆள் இருக்காது, புகுந்த வீட்டில் ஒன்று என்றால் திரும்பிப் போக வாசல் இராது. அவள் பயம் பொய்யல்ல. பங்கு கேட்டு வழக்குப் போட்ட பெண்ணை ஊர் ஆசைக்காரி என்கிறது. கொடுக்க மறுத்த அண்ணனை அப்படி யாரும் சொல்வதில்லை.

10 லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்ற சலுகையைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் தருகிறது. புதிதாக வாங்கும் சொத்துக்கு இது உதவும். பூர்விகப் பங்குக்கு உதவாது. தகப்பன் தன் தனிச்சொத்தை மகன்களுக்கே உயில் எழுதிவிட்டால் மகளால் எதுவும் செய்ய முடியாது என்ற நிலையும் தொடர்கிறது.

திருத்தப்படாத மற்றொன்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பிள்ளைகள் இல்லாத, கணவரை இழந்த ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு பெற்ற தாய் தகப்பனுக்குப் போகும்முன் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பிள்ளையில்லாத ஆண் அவ்வாறு இறந்தால் மனைவியின் உறவினர் யாருக்கும் அவனுடைய சொத்து போவதில்லை.