நடுகல்லும் பெயரும்: செங்கம் வட்டார ஊர்ப் போர்நினைவுக் கற்களின் வரலாறும் மீட்டெடுப்பும்

முன்னுரை

பூசலில் பட்ட வீரனுக்கு அவனுடைய ஊரார் எடுத்த நினைவுச்சின்னம் நடுகல் ஆகும். வேந்தரின் வெற்றிகளை அடுக்கிக் கூறும் மெய்க்கீர்த்திகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஒரு சிற்றூரின் இழப்பைப் பட்டவனின் பெயரோடு நடுகல் பதிவு செய்துள்ளது. அக்கற்களுட் பல இன்றும் நின்ற இடத்தில் நிற்கின்றன; வழிபாடும் பெறுகின்றன. எனினும் அவை யாருக்காக நடப்பட்டவை என்பதை ஊரார் அறிவது அரிது. நடுகல்லின் மீட்டெடுப்பில் முதன்மை பெறவேண்டியது எது என்ற வினாவைச் செங்கம் வட்டாரக் கற்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆகோளும் கல்லும்

தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளைச் சுட்டுகிறது. உரிய கல்லைத் தேர்தல், அதனை நீராட்டல், இடம் வகுத்து நாட்டல், படையலிடல், வாழ்த்தல் ஆகியன தொடர்ந்து நிகழ்ந்த பின்னரே கல் நடுகல்லாகிறது. ஆகவே நடுகல் என்பது செதுக்கிய பலகைக்கல் மட்டுமன்று. அது நின்ற இடமும் அதற்கு ஊரார் செய்த சடங்கும் சேர்ந்ததே நடுகல்.

2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. வெட்சித்திணையின் துறையாக இலக்கணம் வகுத்த அதே சொல் ஓர் ஊரின் நினைவுக்கல்லிலும் காணப்படுவதால், ஆநிரைப் பூசலை வெறும் இலக்கிய மரபு எனக் கொள்ள இயலாது. கால்நடையே செல்வமாக இருந்த முல்லை, குறிஞ்சி நிலத்துச் சிற்றூர்களுக்கு நிரை கவர்தல் வாழ்வாதாரத்தின் மீதான தாக்குதலாகும். அதனைத் தடுத்துப் பட்டவன் ஊர் முழுமைக்குமாகப் பட்டவன் ஆவான்.

எடுத்தனூர்க் கல்

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பு, இவ்வட்டாரத்தின் வட்டெழுத்து நடுகற்களை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. அரசன் பெயர், ஆட்சியாண்டு, பகுதித் தலைவன், வீரனின் உறவு, வீரனின் பெயர், பட்ட நிகழ்வு என்னும் வரிசையில் இவற்றின் வாசகங்கள் பெரும்பாலும் அமைகின்றன. ‘தொறு’, ‘பட்டான்’, ‘கல்’ ஆகியன மீண்டும் மீண்டும் வரும் சொற்கள்.

இவ்வட்டாரத்து எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவகத்தி எருமைகளைக் காக்கையில் பட்டதை அது கூறுகிறது. அத்துடன் கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் தனியே குறிக்கிறது. கல்லில் நாயின் உருவமும் உண்டு. பல்லவப் பெருவேந்தன் இங்கே காலத்தைக் குறிக்கும் அளவிலேயே வருகிறான். வாசகத்தின் பொருளாக நிற்போர் கருந்தேவகத்தியும் கோவிவனுமே. இப்பெயர்கள் வேறெந்த அரசு ஆவணத்திலும் இடம்பெற வாய்ப்பற்றவை. எழுத்து அழிந்திருப்பின் அவர்களும் வரலாற்றிலிருந்து அழிந்திருப்பர்.

தேய்ந்த எழுத்து

எழுத்துத் தேய்வு இன்று தோன்றிய சிக்கல் அன்று. மறவர் அம்பு தீட்டியதால் பக்கம் தேய்ந்த நடுகல்லை அகநானூற்றின் 297ஆம் பாடல் காட்டுகிறது. வழிச்செல்வோர் அதன் எழுத்தைத் தொடர்ந்து படிக்க இயலாமல் கடந்து செல்கின்றனர். 343ஆம் பாடலில், கோடு மழுங்கிய எழுத்து வேறு பொருள் தருகிறது. படிக்க இயலாமை, பிழைபடப் படித்தல் என்னும் இரு நிலைகளையும் சங்கப் புலவர் கண்டிருந்தனர்.

மறுபுறம், புறநானூற்றின் 329ஆம் பாடல் சீறூர் நடுகல்லை நன்னீராட்டி நெய்ப்புகை ஊட்டும் வழக்கத்தைக் கூறுகிறது. இத்தொடர்ச்சியின் ஒரு வடிவமே செங்கம், தருமபுரிப் பகுதிகளில் நிலவும் வேடியப்பன் வழிபாடு. பட்டவனின் தனிப்பெயர் மறைந்த பின்னும், தெய்வத்தின் பொதுப்பெயரால் கல் காக்கப்பட்டது. உழவுக்கும் கட்டுமானத்திற்கும் பெயர்த்தெடுக்கப்படாமல் பல கற்கள் எஞ்சியதற்கு இவ்வழிபாடே காரணம். ஆயினும் எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்புப் பூச்சு, அண்மைக்காலத்து எனாமல் வண்ணம், சிமெண்ட் மேடை ஆகியன எழுத்தை மறைக்கின்றன. கல்லைக் காத்த வழிபாடே பெயரை மறைப்பது இதில் உள்ள முரண்.

மீட்டெடுப்பின் நெறிகள்

இம்முரணுக்குத் தீர்வாகப் பெரிதும் கூறப்படுவது கல்லை அருங்காட்சியகத்திற்கு மாற்றுதல். கேட்பாரற்றுச் சாய்ந்த கல்லுக்கும், சாலைப் பணியால் அழியவிருக்கும் கல்லுக்கும் இது பொருந்தும். பொதுநெறியாகக் கொள்ளின் இழப்பு பெரிது. நடுகல் நின்ற இடம் பழைய வழி, ஊரெல்லை, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைக் காட்டும் சான்று. பட்டவனின் குடிக்கு உதிரப்பட்டியாக நிலம் விடப்பட்ட வழக்கத்தை நிலவியலோடு பொருத்திக் காணவும் இடம் அறியப்பட வேண்டும். நினைவுச்சின்னத்தை அதன் சூழலிலிருந்து பிரித்தல் ஆகாது என 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுவது, தொல்காப்பியம் ‘நடுதலை’த் தனி நிலையாக வைத்ததோடு ஒத்துச் செல்கிறது.

எனவே நின்ற இடத்திலேயே செய்யத்தக்க பணிகள் முன்னுரிமை பெற வேண்டும். தூய்மை செய்யும் முன்னரே மைப்படியும் பல கோண ஒளிப்படமும் எடுத்தல் முதற்பணி. மணல்வீச்சு, அமிலம், உளி கொண்டு எழுத்தை ஆழப்படுத்துதல் ஆகியன விலக்கத்தக்கவை. மழுங்கிய எழுத்தை ஊகித்து வெட்டினால் 343ஆம் பாடல் கூறும் பிழை நிலைபெற்றுவிடும். அடித்தளத்திற்குச் சிமெண்டைவிடச் சுண்ணச்சாந்து ஏற்றது; சிமெண்ட் ஈரத்தை வெளியேறவிடாமல் தடுத்து, உப்புகளைக் கல்லினுள் செலுத்தும். கல் நோக்கிய திசையை மாற்றலாகாது. வழிபாட்டைத் தடை செய்வதைவிட, எழுத்துப்பகுதியை விலக்கி முன்புறத்தில் தனியே படையற்கல் அமைக்க ஊராரோடு இசைவு காண்பது பயன் தரும்.

முடிவுரை

நூறாண்டு கடந்த கல்வெட்டையும் தனிக்கல்லையும் தொல்சின்னமாகக் கொள்ளும் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. எனினும் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் காவலரை அமர்த்துதல் எந்தத் துறைக்கும் இயலாது. காவலாக அமைய வேண்டியவர்கள் அவ்வூராரே. அதற்கு அவர்கள் வழிபடும் கல்லின் வாசகம் இக்கால எழுத்தில், எளிய விளக்கத்துடன் கல்லின் அருகிலேயே வைக்கப்பட வேண்டும். கல்வெட்டுத் தொகுதிகளில் அச்சேறிய பாடங்கள் ஆய்வாளரை அடைந்துள்ள அளவிற்குக் கல் நிற்கும் ஊரை அடையவில்லை. பட்டவன் பெயரை அவனுடைய ஊர் மீண்டும் சொல்லும் நிலையை உருவாக்குவதே நடுகல் மீட்டெடுப்பின் நிறைவாகும். தொல்காப்பியம் ஆறாவதாக வைத்த வாழ்த்தல், பெயர் அறியாத இடத்தில் நிகழ இயலாது.