எந்திரம் மாற எழுத்தும் மாறுமோ?

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடுகளிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தமையால், மெய்யெது, உயிர்மெய்யெது என்று தெளிதலே அக்காலப் பதிப்பாசிரியர்க்குப் பெரும்பாடாயிற்று. கணினி யுகத்திலும் இவ்விடர் வேறுருவில் வந்தது.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எழுத்துக்கு எண் வகுத்த 'ஆஸ்கி' முறை 1963இல் அமெரிக்காவில் தோன்றியது. மறுவருடமே ஐ.பி.எம். நிறுவனம் தன் புதிய எந்திரங்களுக்கு வேறொரு முறையைக் கொண்டது. ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்து முன்னதில் 65, பின்னதில் 193. பெயர்ப்பு அட்டவணையின்றி ஒன்றன் ஆவணத்தை மற்றது படிக்க இயலாதாயிற்று. வரி முடிவைக் குறிக்க யுனிக்ஸ் ஒரு குறியையும், எம்.எஸ். டாஸ் இரு குறிகளையும் வழங்கின.

தமிழுக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய எண்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்தின. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், 'அம்மா' என்று தொடங்கும் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும். 1991இல் வெளிவந்த யூனிகோட் தமிழெழுத்துக்களுக்குத் தனியிடம் வகுத்தது. ஆயினும், பழைய முறையிற் சேமித்த ஆவணங்கள் தாமாக மாறா. அவற்றை இன்றே மாற்றிவைத்தல் வேண்டும். செல்லரித்த ஏட்டிலேனும் சில வரிகள் எஞ்சும். குறிமுறை மறந்த கோப்பிலோ, எழுத்தெல்லாம் இருந்தும் ஒன்றும் விளங்காது.