சீன நிவாரணக் கலைநிகழ்வுகள், சிங்கப்பூர் (1937–1942)

1937 ஜூலையில் ஜப்பானியப் படை சீனாவுக்குள் பெருமளவில் புகுந்தது. வீடு வாசல் இழந்து ஓடிய சீன மக்களுக்காகச் சிங்கப்பூரில் நாடகம், பாட்டு, ஓவியம் ஆகியவற்றைக் கொண்டு பணம் திரட்டிய முயற்சிகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. நிகழ்ச்சிகள் நடந்தது நகருக்குள். அவற்றுக்கு முடிவு வந்தது நகருக்கு வடமேற்கே, புக்கிட் பாத்தோக் குன்றின் அடிவாரத்தில்.

அவ்வாண்டு ஆகஸ்ட்டில், ரப்பர் வணிகர் டான் கா கீ தலைமையில் சிங்கப்பூர் நிவாரண நிதிக் குழு அமைந்தது. 1938 அக்டோபர் 10 அன்று தென்கிழக்காசியச் சீனர் அனைவருக்குமான கூட்டமைப்பு உருவாக, அதற்கும் அவரே தலைவர். பிரிட்டிஷ் அரசு ஒரு நிபந்தனை போட்டது: பணம் துயர் துடைக்க மட்டும், துப்பாக்கி வாங்க அல்ல. செல்வர்கள் மட்டும் கொடுத்து நிறைந்த உண்டியல் அல்ல இது. ரிக்‌ஷா இழுத்தவர்களும் அங்காடிக்காரர்களும் போட்ட சில்லறையும் அதில் சேர்ந்தது. அந்தச் சில்லறையைக் கறந்ததில் கலைக்குப் பெரும் பங்கு உண்டு. 1938 இறுதியில் வந்த வூகான் பாடகர் குழு, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஊர் ஊராகப் பாடித் திரட்டியது.

நாடகங்களில் பெயர் பெற்றது ‘சவுக்கைக் கீழே போடு’. நம் ஊர்க் கழைக்கூத்தாடிக் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் காட்சி உடனே பிடிபடும். ஜப்பான் பிடித்துக்கொண்ட வடகிழக்குச் சீனாவிலிருந்து ஓடிவந்த தகப்பனும் மகளும் தெருவில் வித்தை காட்டிப் பிழைக்கிறார்கள். பசியில் மகள் தடுமாறி விழ, தகப்பன் சவுக்கை ஓங்குகிறான். கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் பாய்ந்துவந்து, சவுக்கைப் போடச் சொல்லிக் கத்துகிறான். அவனும் நடிகன்தான், ஆனால் பார்ப்பவருக்கு அது முதலில் தெரியாது. தாங்கள் ஏன் அகதியானோம் என்று தகப்பன் சொல்லி முடிக்கையில், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நாடகத்துக்குள் வந்துவிட்டிருப்பார்கள். உண்டியலை நீட்ட அதைவிட நல்ல நேரம் ஏது?

மகளாக நடித்தவர் வாங் யிங். அவர் ஆடும் கோலத்தையும், பின்னால் சுற்றி நிற்கும் கூட்டத்தையும் ஓவியர் சூ பெய்ஹோங் 1939இல் சிங்கப்பூரிலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பாரிசில் பயின்ற சூ, பாயும் குதிரைகளுக்குப் பேர்போனவர். 1925இலேயே சிங்கப்பூர் வந்து பழகியவர். 1939இல் வந்தபோது, சிகரெட் நிறுவன மேலாளரான நண்பர் ஹுவாங் மான்ஷியின் கேலாங் வீட்டில் தங்கினார். அவ்வாண்டு மார்ச்சில் விக்டோரியா நினைவு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார். கிடைத்த பணம் நிவாரணத்துக்குப் போனது. ஆளுநர் ஷென்டன் தாமஸின் முழு உருவப் படத்தையும் அவ்வாண்டுதான் தீட்டினார்.

தாகூர் அழைப்பில் இந்தியா சென்ற அவர், 1939–40இல் சாந்திநிகேதனிலும் கல்கத்தாவிலும் படங்களைக் காட்சிக்கு வைத்தார், காந்தியைச் சந்தித்தார். மலையைப் பெயர்க்கத் துணிந்த கிழவனின் சீனக் கதையை அங்கேதான் பெரும்படமாக வரைந்தார். மண்வெட்டி ஓங்கும் உடல்களுக்கு மாதிரியாக நின்றவர்கள் இந்தியர்கள். சீனப் புராணத்துக்குள் நம்மவர் தசைகள்! 1941இல் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என மீண்டும் நிதிக் கண்காட்சிகள் நடந்தன. போர் சிங்கப்பூரை நெருங்க, சூ கப்பலேறினார். விட்டுச்சென்ற படங்களில் ஒரு பகுதியை நண்பர்கள் மண்ணுக்கடியில் ஒளித்துவைத்தனர்.

1942 பிப்ரவரி 15 அன்று, புக்கிட் பாத்தோக் குன்றடியிலுள்ள ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தனர். மூன்று நாள் கழித்து ஜப்பானியர் தொடங்கிய ‘சூக் சிங்’ எனும் சீனர் களையெடுப்பில், நிவாரண நிதிக்கு உழைத்தவர்கள் குறிவைத்துத் தேடப்பட்டனர். அகதிக்குக் கொடுத்ததே குற்றமாயிற்று. சீன ஓவியர் சங்கத் தலைவராயிருந்து நிதிக்காகப் பாடுபட்ட சாங் ஜூ சி கொல்லப்பட்டார். டான் கா கீ ஜாவாவில் தலைமறைவாகித் தப்பினார். மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்கள் 5 கோடி டாலர் ‘அன்பளிப்பு’ தரவேண்டும் என்று ஜப்பானியர் விதித்தனர். சிங்கப்பூர்ப் பங்கு 1 கோடி.

பிற்காலத்தில் சிங்கப்பூரே அகதிகளைக் கண்டது. வியட்நாமிலிருந்து படகில் வந்தவர்கள், 1978 முதல் 1996 வரை செம்பவாங்கின் ஹாக்கின்ஸ் சாலை முகாமில் தங்கி வேறு நாடுகளுக்குச் சென்றனர். அன்று சீனாவுக்குத் திரட்டியதுபோல இன்று வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஓவியக் கண்காட்சியும் இதற்கு உட்பட்டதே.

சூ வரைந்த வாங் யிங் படம் 2007இல் ஹாங்காங் ஏலத்தில் 7.2 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. ஃபோர்டு தொழிற்சாலை 2006 முதல் தேசிய நினைவுச்சின்னம். புக்கிட் பாத்தோக் உச்சியில், மாண்ட தம் வீரர்களுக்காக ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு எழுப்பிய நினைவுத்தூண் போர் முடிவில் இடிக்கப்பட்டது. கைதிகள் கட்டிய படிகள் எஞ்சியுள்ளன. ஏறிப்போனால் மேலே ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது.