கயல் பொறித்த கொடி

முக்காணியில் பாலத்தைக் கடந்து, வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஆத்தூருக்குள் நுழைகின்ற நம்மவரில் எத்துணைப் பேர், பாண்டியரின் பழந்துறைகள் விளங்கிய நிலத்தை மிதிக்கின்றோம் என எண்ணுகின்றனர்? பொருநையின் வடபால் முத்துக்குப் பேர்போன கொற்கை. அதற்குக் கிழக்கே பழையகாயல். ஆறு கொணர்ந்த வண்டல் கடலை விலக்கிவிட, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராக இருக்கின்றது.

அண்மையில் மாணவர் ஒருவர், "ஹஸ்ரத், மீன்கொடி நம்முடையதா, அவர்களுடையதா?" என்று வினவினார். அவ்வினா நம்மை உறங்கவிடவில்லை.

பாண்டியரின் மீன், மதுரை மீனாட்சியின் பெயரால் வந்தது என்பார் உளர். நமக்கு அஃது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. சங்ககாலத்துப் 'பெருவழுதி' நாணயத்தின் பின்புறத்திலேயே மீன் கோட்டுருவமாக உள்ளது. ஆறும் கடலும் தந்த செல்வத்தால் வாழ்ந்த அரசு அவற்றில் வாழும் உயிரையே சின்னமாகக் கொண்டது என்பதே நம் கருத்து. (கயல் என்பது மீன், காயல் என்பது உப்பங்கழி. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுதல் பிழை.)

கொடி அரசுரிமையின் அடையாளம். பாண்டியரை வென்ற சோழர், தம் செப்பேட்டு முத்திரையில் புலிக்கருகே இரு கயல்களையும் சேரர் வில்லையும் பொறித்துக் கொண்டதன் பொருள் இதுவே. 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தில் பாண்டியர் மீண்டும் பேரரசர் ஆயினர். அவர்தம் காசுகளில் இணைக்கயல் நிமிர்ந்து நின்றது.

அந்நூற்றாண்டின் இறுதியில், அரபு வணிகர் இக்கரையை 'மஅபர்' என்றனர். கடக்கும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். பாண்டியரின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைகளின் பொறுப்பாளராகவும் விளங்கியவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்பதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்துள்ளார். அக்குதிரைகள் கயற்கொடி வேந்தனின் படைக்கே சென்றன.

1330களில் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி அமைந்தபோது காசில் மீன் மறைந்து அரபு எழுத்து வந்தது. நம்மவர் சிலர் இக்கரையில் நம் வரலாறு அன்றே தொடங்கியது என்கின்றனர். அம்மாணவருக்கு நாம் தகியுத்தீனின் பெயரைச் சொன்னோம். அவர் அதுவரை அப்பெயரைக் கேள்விப்பட்டதில்லை.