ராக்கியின் காலணி முதல் பாபா வரை: கற்பிக்கும் புதிர் விளையாட்டுகளின் வரலாறு

கணினி விளையாட்டு என்றவுடன் ஆசிரியர்களிடையே இருவேறு எண்ணங்கள் எழுவதைக் காண்கிறோம். மாணவரின் நேரத்தைத் தின்னும் பகை அது என்பது ஒன்று. பாடத்தை அதற்குள் இட்டுக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர் என்பது மற்றொன்று. இவ்விரு எண்ணங்களுக்கும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பாடமும் ஆட்டமும் ஒன்றாகவே அமைந்த படைப்புகள் அவ்வரலாற்றில் சிலவே. ஆட்டத்தின் வாயிலில் பாடத்தைச் சுங்கமாக வசூலித்த படைப்புகள் பல. இக்கட்டுரை பெரிதும் முன்னவற்றைப் பற்றியது. ஆயினும் பின்னவை ஏன் பெருகின என்பதையும் சொல்லாமல் விட இயலாது. மொழி வகுப்புகளின் வாயிலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அவையே.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு தொலைத்தட்டச்சுப் பொறியைச் சூழ்ந்து நின்றனர். அதற்குத் திரை கிடையாது. தொலைவிலிருந்த கணினி அனுப்பும் சொற்களை அது தாளில் அச்சிட்டுத் தள்ளும். டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர், 19ஆம் நூற்றாண்டில் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற நெடும்பயணத்தைக் கற்பிக்க வேண்டியிருந்தது. அவருடைய நண்பர்களும் சக பயிற்சி ஆசிரியர்களுமான பில் ஹைனமனும் பால் டில்லன்பெர்கரும் அதற்கென ஒரு நிரலை எழுதித் தந்தனர். அதுவே 'ஓரிகன் டிரெயில்'. காளைகளுக்கு எவ்வளவு பணம், உணவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு என மாணவர் பிரித்துக்கொள்ள வேண்டும். வேட்டையாட வேண்டுமெனில் 'பேங்' என்னும் சொல்லை விரைந்து தட்டச்சு செய்ய வேண்டும். கை தாமதித்தால் மான் ஓடிவிடும்.

பருவம் முடிந்ததும் அந்நிரல் கணினியிலிருந்து நீக்கப்பட்டது. ராவிட்சிடம் எஞ்சியது அதன் தாள் அச்சு மட்டுமே. மூன்று ஆண்டுகள் கழித்து, மினசோட்டா மாநிலப் பள்ளிகளுக்குக் கணினி வசதி செய்து தந்த 'மெக்' அமைப்பில் அவர் பணிக்குச் சேர்ந்தபோது, அத்தாளைப் பார்த்து நிரலை மீண்டும் தட்டச்சு செய்தார். அப்போது அவர் செய்த ஒரு திருத்தம் குறிப்பிடத்தக்கது. பயணத்தில் நேரும் நோய், புயல், விபத்து ஆகியவற்றின் வாய்ப்பளவை, அவ்வழியே சென்றவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படித்து மாற்றியமைத்தார். இவ்விளையாட்டு வரலாற்றுக் கேள்வி எதனையும் மாணவரிடம் கேட்பதில்லை. பொருள் பற்றாக்குறையும் தற்செயலும் கூடி ஒரு குடும்பத்தின் தலைவிதியை எவ்வாறு முடிவு செய்தன என்பதே பாடம், அதுவே ஆட்டமும். குறையும் இருந்தது. அந்நிலத்தில் முன்பே வாழ்ந்திருந்த பழங்குடி மக்களின் நோக்கு அதில் இடம்பெறவில்லை. 2021இல் வந்த புதிய பதிப்பே பழங்குடியினத்தைச் சேர்ந்த அறிஞர்களைக் கலந்து அக்குறையைக் களைய முயன்றது.

அடுத்த பெரும் படைப்பு 1982இல் தோன்றியது. அதனைச் செய்தவருள் ஒருவரான வாரன் ராபினெட் முன்னர் அட்டாரி நிறுவனத்தில் பணியாற்றியவர். அங்கு விளையாட்டை உருவாக்கியோரின் பெயர் பெட்டியிலும் இராது, திரையிலும் இராது. ராபினெட் தம் 'அட்வென்ச்சர்' விளையாட்டில் ஒரு மறைவறையை அமைத்து அதற்குள் தம் பெயரைப் பொறித்துவைத்தார். புதிரைத் தேடிக் கண்டவர்க்கே அது தெரியும். அங்கிருந்து விலகிய பின், பிள்ளைகளுக்கான மென்பொருளை ஆக்குவதற்கென்றே தொடங்கப்பட்ட லேர்னிங் கம்பெனியில் இணைந்து, லெஸ்லி கிரிம் என்பவருடன் சேர்ந்து அவர் வடித்ததே 'ராக்கிஸ் பூட்ஸ்', அதாவது ராக்கியின் காலணி.

ஆடுபவர் திரையில் ஓர் ஆரஞ்சு நிறச் சதுரம். அச்சதுரத்தைக் கொண்டு கம்பிகளையும் சிறு கருவிகளையும் தொட்டுத் தூக்கிச் செல்லலாம், ஒன்றோடொன்று பொருத்தலாம். மின்சாரம் பாயுமிடமெல்லாம் கம்பி ஆரஞ்சு நிறம் கொள்ளும். ஆகவே கண்ணுக்குப் புலனாகாத ஓட்டம் பிள்ளையின் கண்முன்னே ஓடும். வெவ்வேறு நிறமும் வடிவமும் கொண்ட பொருள்கள் வரிசையாக நகர்ந்து வர, அவற்றுள் உரியவற்றை மட்டும் ஒரு காலணி உதைத்துத் தள்ள வேண்டும். நீலச் சாய்சதுரங்களை மட்டும் உதைக்க வேண்டுமெனில், நீலத்தை உணரும் கருவியையும் சாய்சதுரத்தை உணரும் கருவியையும் 'அண்ட்' என்னும் தருக்க வாயிலில் இணைக்க வேண்டும். சிலுவை வடிவை விட்டுவிட வேண்டுமெனில் 'நாட்' வாயில் வேண்டும். சரியாக அமைத்துவிட்டால் ராக்கி என்னும் ராக்கூன் ஆடிக் களிக்கும். ஜார்ஜ் பூல் 1854இல் நூலாக வெளியிட்ட தருக்க இயற்கணிதத்தை, அதன் பெயர்கூட அறியாத பிள்ளைகள் கையால் எடுத்து மாட்டினர். என் கணிப்பில், இத்துறையின் முதல் நாற்பது ஆண்டுகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

1985இல் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட 'கார்மென் சான்டியாகோ எங்கே' வேறொரு வழியைக் காட்டியது. திருடியைத் துரத்தும் துப்பறிவாளருக்குக் கிடைக்கும் துப்பு, ஒரு நாட்டின் கொடி நிறமாகவோ நாணயமாகவோ இருக்கும். விடை விளையாட்டுக்குள் இல்லை. பெட்டிக்குள் உடன்வைத்திருந்த உலகத் தகவல் களஞ்சியத்தில் இருந்தது. பிள்ளைகள் திரையை விட்டு நூலின் பக்கங்களைப் புரட்டினர். நூலைத் தேடச் செய்த கணினி விளையாட்டு என்பதாலேயே ஆசிரியர்கள் அதனை நினைவிற்கொள்ளத் தகும்.

இவற்றோடு ஒப்பிட வேண்டியது, ஆசிரியராக இருந்த ஜான் டேவிட்சன் தொடங்கிய நிறுவனத்தின் 'மேத் பிளாஸ்டர்'. 1983இல் வந்தது. கணக்கு ஒன்று திரையில் தோன்றும். சரியான விடையை நோக்கிப் பீரங்கி மனிதன் பாய்வான். வாய்பாட்டுப் பயிற்சிக்கு அது பயன்படவில்லை என்று சொல்ல மாட்டேன். மனப்பாடத்துக்கும் கல்வியில் இடமுண்டு. ஆனால் அதனை ஒரு சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். கணக்கை எடுத்துவிட்டு அவ்விடத்தில் எழுத்துக்கூட்டலை வைத்தால் ஆட்டம் மாறுமா? மாறாது. பின்னாளில் அந்நிறுவனமே 'ரீடிங் பிளாஸ்டர்' என்று வாசிப்புக்கும் அதே பெயரைச் சூட்டி விற்றது. ராக்கியின் காலணியிலிருந்து தருக்கத்தை எடுத்துவிட்டாலோ எஞ்சுவது ஏதுமில்லை.

1990களில் இரண்டாம் வகையே சந்தையை நிரப்பியது. காரணம் எளிது. ஓர் உறையை ஒருமுறை செய்துவிட்டால் அதற்குள் எந்தப் பாடத்தையும் மாற்றி மாற்றி இடலாம், செலவு குறைவு. பெற்றோர் வாங்கியது பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த வகுப்பு எண்ணைப் பார்த்து. சாஃப்ட்கீ நிறுவனம் லேர்னிங் கம்பெனியையும், ஓரிகன் டிரெயிலை வளர்த்த மெக்கையும் விலைக்கு வாங்கி, லேர்னிங் கம்பெனி என்னும் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 1999இல் பொம்மை நிறுவனமான மட்டெல் அதனைச் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கி, பெரும் நட்டத்துக்கு உள்ளாகி, அடுத்த ஆண்டே கைகழுவியது. இதற்குச் சற்று முன், 1998இல், குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியை உருவாக்கியோருள் ஒருவரான சீமோர் பேப்பர்ட் இவ்வகைப் பொருள்களைக் கடிந்து எழுதினார். கல்வி, விளையாட்டு என்னும் பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைகளை மட்டும் வாங்கிப் பிறந்த பிள்ளை என்பது அவர் கருத்தின் சாரம். பிள்ளைகள் எளிதானதை விரும்புவதில்லை, கடினமாயினும் பொருளுள்ளதையே விரும்புகின்றனர் என்பதும் அவர் வாதம்.

மீட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இணையவழி விற்பனை பரவியபின் பெட்டியும் கடை அலமாரியும் தேவையற்றுப்போயின. ஒருவரோ இருவரோ சேர்ந்து, பெருநிறுவனத்தின் பணமின்றித் தாம் விரும்பிய விளையாட்டை ஆக்கி வெளியிட முடிந்தது. 'இண்டி' என வழங்கும் இப்படைப்பாளிகளுள் பலர் கல்வி மென்பொருள் செய்கிறோம் என்று சொல்லவே இல்லை. ஸாக் பார்த் 2011இல் வெளியிட்ட 'ஸ்பேஸ்கெம்' வேதியியல் தோற்றம் கொண்டது. அணுக்களை நகர்த்திப் பிணைத்து மூலக்கூறுகளை ஆக்கும் இயந்திரத்தை ஆடுபவர் அமைக்க வேண்டும். உண்மையில் அவர் பழகுவது நிரலாக்கம்: சுழற்சி, காத்திருத்தல், இரு வேலைகளை ஒரே காலத்தில் இசைவித்தல். விடையைக் கண்டபின், பிறர் கண்ட விடைகளின் பரவலில் தம் விடை எங்கே நிற்கிறது என்பதை ஒரு வரைபடம் காட்டும். முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்னும் வரிசை அங்கில்லை. அதனைக் காணும் பிள்ளை, தன்னுடையதை விடக் குறுகிய விடையும் உண்டு என அறிந்து மீண்டும் முயல்கிறது. விடைத்தாளைத் திருத்தித் தரும் முறைமையில் நாமும் எண்ணிப் பார்க்கத்தக்க ஏற்பாடு இது.

நார்வேயில் 2012இல் வந்த 'டிராகன்பாக்ஸ்' கணித ஆசிரியர் ஒருவரின் முயற்சி. திரை இரு பாதியாகப் பிரிந்திருக்கும். படச்சீட்டுகளை நீக்கி ஒரு பெட்டியைத் தனித்திருக்கச் செய்வதே ஆட்டம். ஒரு பக்கம் ஒன்றைச் சேர்த்தால் மறுபக்கமும் சேர்க்க வேண்டும். படங்கள் மெல்ல மெல்ல எழுத்துகளாகவும் எண்களாகவும் மாற, இறுதியில் பிள்ளை சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருப்பது தெரியவரும். அமைப்பில் இதனினும் நேர்த்தியானதைக் காண்பது அரிது. எனினும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் அதனை ஒரு கணினிவழிப் பயிற்று நிரலோடு ஒப்பிட்டு வகுப்பறையில் ஆய்ந்தபோது, டிராகன்பாக்ஸை ஆடியவர்கள் கூடுதல் மகிழ்ச்சி அடைந்தனர். தாளில் வைத்த தேர்விலோ மற்றவரே மேம்பட்டனர். ஆட்டத்தில் கைவந்தது தாளுக்குத் தானாகக் குடிபெயர்வதில்லை. 'நீ அங்கே சீட்டை நீக்கினாயே, இங்கே செய்வதும் அதுதான்' என்று சொல்ல ஒருவர் அருகில் வேண்டும். விளையாட்டு வந்துவிட்டால் ஆசிரியர் எதற்கு என்று கேட்போர்க்கு இதனை எடுத்துச் சொல்லலாம்.

மொழியாசிரியர்களுக்கு மிக அணுக்கமானவை அண்மைய இரண்டு. பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த ரன்டிஸ்க் என்னும் சிறு குழுவினர் 2023இல் வெளியிட்ட 'சான்ட்ஸ் ஆஃப் சென்னார்' விளையாட்டில், ஒரு கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு மொழி. எழுத்துக் குறிகளின் பொருளை யாரும் சொல்லித் தருவதில்லை. மக்களின் பேச்சையும் சைகையையும் சுவரோவியத்தையும் கண்டு ஊகித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக் குறிகள் அனைத்தும் சரியாக அமைந்தால்தான் ஊகம் உறுதியாகும். ஒரு மொழியில் பன்மை, சொல்லை இரட்டித்து வரும். 'புக்கு புக்கு' என மலாயில் நாளும் கேட்கும் நம் மாணவர்க்கு அது உடனே பிடிபடும். மற்றொரு நிலைக்கு ஏறினால் சொல்வரிசையே மாறிவிடும். இலக்கணம் மொழிக்கு மொழி வேறுபடும் என்பதை விதியாகச் சொல்லாமல் இடறலாக உணர்த்துகிறது இது.

மற்றொன்று, பின்லாந்தின் அர்வி டெய்க்காரி 2017இல் நோர்டிக் கேம் ஜாம் போட்டிக்கெனத் தொடங்கி 2019இல் முழுமையாக வெளியிட்ட 'பாபா இஸ் யூ'. இதில் விதிகள் சொற்கட்டைகளாகவே களத்தில் கிடக்கின்றன. 'சுவர் - ஆகும் - தடை' என மூன்று ஆங்கிலச் சொற்கட்டைகள் வரிசையாக நிற்கும்வரை சுவர் தடுக்கும். கடைசிக் கட்டையை ஒரு தட்டுத் தட்டி விலக்கினால் சுவரின் ஊடே நடந்து போகலாம். 'பாறை' என்னும் கட்டையைக் கொண்டுவந்து முதலிடத்தில் வைத்தால் பாறை தடையாகும். 'நாட்', 'அண்ட்' என்னும் கட்டைகளும் பின்னர் வருகின்றன. ராக்கியின் உலகில் கம்பியில் மாட்டிய அதே தருக்க வாயில்கள், 37 ஆண்டுகளுக்குப் பின் வாக்கியத்தில் தள்ளப்படும் சொற்களாகத் திரும்பியுள்ளன.

இவ்விளையாட்டைத் தமிழில் அப்படியே பெயர்க்க இயலாது. அதன் அச்சாணி 'இஸ்' என்னும் வினை. தமிழிலோ 'சுவர் தடை' என்றாலே வாக்கியம் முற்றுப்பெறும். நடுவில் தள்ளுவதற்குக் கட்டை இல்லை. ஆங்கிலத்தில் சொல்வரிசை செய்யும் வேலையைத் தமிழில் வேற்றுமை உருபு செய்கிறது. எனவே தமிழில் இப்படி ஒன்று எழுமாயின் தள்ளப்படும் கட்டை 'ஐ' ஆக இருக்க வேண்டும். களத்தில் கீரியும் பாம்பும் நிற்கின்றன. 'கீரி பாம்பைக் கடித்தது' என்று இருப்பதில் 'ஐ' கட்டையை மட்டும் இடப்புறம் தள்ளினால் 'கீரியைப் பாம்பு கடித்தது' என்றாகிறது. பெயர்கள் தம் இடம் மாறவில்லை. உயிர் பிழைத்தவர் மாறிவிட்டார். ஆங்கிலக் கட்டைகள் எங்கே தள்ளினும் வடிவம் மாறுவதில்லை. இங்கோ பாம்பின் ஈற்று உகரம் மறைந்தும் மீண்டும், கீரிக்கு யகர உடம்படுமெய் தோன்றியும், ககர ஒற்று இருந்த இடம் விட்டுப் பகர ஒற்று வேறிடத்தில் முளைத்தும், ஒரே தள்ளலில் மூன்று புணர்ச்சிகள் நிகழ்கின்றன. நிரலாளருக்கு இது தலைவலி. வகுப்பறையில் அதற்குக் கணினியும் வேண்டுவதில்லை: பெயருக்கு இரண்டு அட்டை, வினைக்கு ஒன்று, உருபுக்கு ஒன்று, ஒற்றுகளுக்குச் சில, பலகையில் ஒட்டிவிட்டு, பாம்பைக் காப்பாற்றுமாறு மாணவரிடம் சொன்னால் போதும்.