கல்லும் வாய்மொழியும்: ஜார்ஜ் டவுன் வரலாற்றெழுத்தில் ஒரு சிக்கல்

சென்னை ஜார்ஜ் டவுனைப் பற்றி எழுதுவோர் ஆர்மேனியர், குஜராத்தியர், தெலுங்கு வணிகர், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் என்று வரிசைப்படுத்தி, வந்தாரை வாழவைத்த இடம் என முடித்துவிடுகிறார்கள். சான்றுகளை யார், எதற்காக விட்டுச்சென்றார்கள் என்று பார்த்தால் இம்முடிவு நிற்காது.

ஆர்மேனியர்களையே எடுத்துக்கொள்வோம். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தார். பாலம் போய்விட்டது, அவர் கொடையைச் சொல்லும் கல் சைதாப்பேட்டையில் நிற்கிறது. அந்தக் கல் சொல்லாதது ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்த நகரம் 1749இல் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியதும், எதிரிக்கு உதவினார்கள் என்ற பழியோடு கத்தோலிக்கரும் ஆர்மேனியரும் கோட்டைக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்டார்கள். உஸ்கான் வேப்பேரியில் எழுப்பிய சிற்றாலயமும் அவர் மறைவுக்குப் பின் புராட்டஸ்டண்டு சபையாரிடம் போயிற்று. வெளியேற்றத்துக்குக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்கள் உண்டு. நினைத்துச் சொல்லத்தான் ஆளில்லை. உலகின் முதல் ஆர்மேனிய இதழான அஸ்தராரை 1794இல் இங்கே அச்சிட்ட பாதிரியார் ஷ்மவோனியன், அரண்மனைக்காரன் தெருத் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். தேவாலயத்தைப் பராமரிப்பது கல்கத்தா ஆர்மேனியர்கள்.

பர்மாத் தமிழர் கதை இதற்கு நேர்மாறு. கல் கிடையாது, வாய்மொழி நிறைய. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், கடைகள் நாட்டுடைமையாயின, 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறி வந்தவர்களுக்காக 1969இல் பர்மா பஜார் உருவாயிற்று. இன்றும் மாலையில் அதன் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் ஆரஞ்சு நிற நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய் சேர்த்துக் கையால் பிசைந்து அத்தோ தருகிறார்கள்; வாழைத்தண்டு சூப்பும் உண்டு. பத்திரிகைக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தத் தட்டோடு நின்றுவிடுகின்றன. பசிக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது.

ஏனெனில் இவ்வாய்மொழி பெரும்பாலும் இழப்பிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முன் நடந்தது என்ன? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930வாக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த, லேவாதேவி செய்த தமிழ்ச் செட்டியார்களின் நிலவுடைமை, பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாததால், 1930களின் பிற்பகுதியில் 25 விழுக்காடானது. நிலமிழந்த பர்மிய விவசாயியின் ஆத்திரம் இந்தியர் எல்லோர் மீதும் திரும்பியது. லேவாதேவித் தொழிலோடு சம்பந்தமேயில்லாத கூலிகளும் சிறுகடைக்காரரும் அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஆக, கல் கொடையைச் சொல்லி வெளியேற்றத்தை மறைக்கிறது. வாய்மொழி வெளியேற்றத்தைச் சொல்லி அதன் காரணத்தை விட்டுவிடுகிறது. ஆவணத்துக்குத் தொட்டுக்கொள்ள நினைவு என்ற இன்றைய வழக்கம் இரண்டையுமே கெடுக்கும். கும்பினிக் குறிப்பை எவ்வளவு ஐயத்தோடு படிக்கிறோமோ, அவ்வளவு ஐயத்தோடு நேர்காணலையும் படிக்க வேண்டும். பஜாரில் கடை வைத்திருப்பவரோடு நில்லாமல், பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களிடமும் போக வேண்டும். கப்பல் பயணத்துக்கு முன், ரங்கூனில் யாரிடம் கூலிக்கு நின்றார்கள், யாரிடம் கடன்பட்டார்கள் என்பதிலிருந்து கேள்வியைத் தொடங்க வேண்டும்.