66 டி/1: தாம்பரம் எந்த டைல்?

மேப் டைல் வெச்சு ஆர்பிஜி விளையாடுற மக்களே, குகைக் கதவு திறந்ததும் அடுத்த டைலைத் தேடி டப்பாவைக் கவுத்தா ஆட்டமே ஆறிப்போயிடும். இதுக்கு விடை நம்ம ஏரியாவோட சரித்திரத்துலயே இருக்கு.

1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் சுமார் 12 கி.மீ. அடிக்கோடு அளந்தார், 57 நாள் ஆச்சு. அதிலிருந்து விரிந்த முக்கோண வலைமேல்தான் இந்திய வரைபடங்கள் எழுந்தன. சரி, அத்தனை தாள்ல வேண்டியதை எப்படி எடுக்கறது?

சர்வே ஆஃப் இந்தியா 4 டிகிரி கட்டத்துக்கு ஓர் எண் கொடுத்தது. அதை 16 ஆக்கி எழுத்து, மறுபடி 16 ஆக்கி எண். தாம்பரம் 66 டி/1. நாலு நாலா மேலிருந்து கீழே எண்ணுவதால், தெற்கே போக ஒண்ணு கூட்டணும்: 66 டி/2. கிழக்கே போக நாலு: திருவான்மியூர் 66 டி/5. பேரைப் படிச்சாலே பக்கத்துத் தாள் எதுன்னு தெரிஞ்சிடும்!

முன்கூட்டியே போட்ட குகைன்னா, டைல் முதுகில் இப்படி எண் எழுதி வரிசையா அடுக்குங்க. தேடவே வேண்டாம்.